எல்லைக்கு இந்தப் பக்கத்து எண்ணெய்

உலகத்தில் பெட்ரோலும் டீசலும் தீர்ந்துபோகுமா என்ற விவாதம் எங்கள் குடும்பத்தில் போன மாங்காய்ப் பருவம் முழுவதும் நடந்தது. விவாதித்தவர்கள் என் மனைவியின் அண்ணனும் தம்பியும். பூமிக்கடியில் எவ்வளவு எண்ணெய் மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இருவருக்கும் வழியில்லை, எனக்கும் இல்லை. ஆனாலும் ஒரு பதில் தேவைப்பட்டது. புத்தூரிலிருந்து நகரிக்குப் போகும் நெடுஞ்சாலையை ஒட்டி அவர்களுக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. அதன் சாலையோரப் பகுதியில் மரங்களை வெட்டி, சமப்படுத்தி, பெட்ரோல் பங்க் வைக்க வேண்டும் என்று அண்ணன் தீர்மானித்திருந்தார். தோப்பு என் மனைவியையும் சேர்த்து மூவர் பெயரிலும் இருக்கிறது. தம்பி, அக்கா எப்படியோ அப்படியே நானும் என்று சொல்லிவிட்டான். ஆக, என் மனைவி கையெழுத்துப் போட்டால் பங்க், போடாவிட்டால் தோப்பு.

நான் திருப்பதியில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறேன். பல வருடங்களாக நாட்குறிப்பு எழுதுகிறேன். கண்டதையும் கேட்டதையும் பிரித்து எழுதுவது என் வழக்கம். ஒருவர் சொன்னதை அவர் சொன்னார் என்றுதான் எழுதுவேன். நடந்தது என்று எழுத மாட்டேன். இந்த விவாதத்தைப் பற்றி எழுதியதில் பெரும்பகுதி கேட்டதுதான். மனைவியின் பிறந்த வீட்டுச் சொத்தில் மாப்பிள்ளை வாய் திறப்பது எங்கள் பக்கத்தில் மரியாதை அல்ல. அதனால் கேட்பதற்கு எனக்கு நிறைய அவகாசம் இருந்தது.

அண்ணனுக்கு பங்க் ஆசை வந்ததற்குக் காரணம் மாங்காய். தோப்பு முழுக்கத் தோத்தாபுரி. வீட்டில் அறுத்துச் சாப்பிட யாரும் விரும்பி வாங்குகிற பழம் அல்ல. கூழ் ஆலைக்குப் போவது. பருவத்தில் ஆலை வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். வரிசை நகர்வதற்குள் அடியில் இருக்கும் காய் நசுங்கிச் சாறு சாலையில் ஒழுகும். ஈ மொய்க்கும். விலையை ஆலை சொல்லும். தொடர்ந்து இரண்டு பருவங்கள் அண்ணன் டிராக்டருக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்து, கடைசியில் சொன்ன விலைக்குக் கொட்டிவிட்டுத் திரும்பினார். அந்தச் சமயத்தில்தான் எண்ணெய் நிறுவனம் ஒன்று அந்தச் சாலையில் பங்க் வைக்க இடம் கேட்டுப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது.

"மாங்கா வருசத்துக்கு ஒரு தபா. டீசலு தெனம் தெனம்" என்றார் அண்ணன். "ஆலைக்காரன் வாசல்ல நான் நின்னது போதும் மாப்ள. இனிமே எவனா இருந்தாலும் என் வாசல்ல வந்து நிக்கட்டும்."

தம்பி புத்தூரில் குடியிருக்கிறான். ஸ்ரீ சிட்டியில் மின்சார வண்டிகளுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ்ஸில் போய்வரும் நேரமெல்லாம் கைபேசியில் எண்ணெயைப் பற்றிய வீடியோக்களைப் பார்ப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனும் அவனும் திருப்பதியில் எங்கள் வாடகை வீட்டுக்கு வருவார்கள். அந்த வாரம் பார்த்ததை அவன் வந்ததும் எடுத்து வைப்பான்.

"அண்ணா, நீ குழி தோண்டி டாங்க் பொதைக்கறதுக்குள்ள உலகத்துல எண்ணெயே தீந்துடும் பாரு."

"டேய், நான் ஆறாவது படிக்கறப்போ எங்க வாத்தியாரும் இதையேதான் சொன்னாரு. நீங்க பெரியாளாவறதுக்குள்ள தீந்துடும்னாரு. அவரு போய்ச் சேந்துட்டாரு. எண்ணெய் இருக்குது."

"அது அப்போ. இனிமே எல்லாம் கரண்டு வண்டிதான்."

"உங்க பாக்டரியில செய்யற ஒயர எதுலடா ஏத்திக்கினு போறாங்க?"

"லாரியில."

"லாரி எதுல ஓடுது?"

தம்பி தட்டிலிருந்த வடையை எடுத்துக்கொண்டான். அன்றைய விவாதம் அத்தோடு முடிந்தது.

எங்கள் மாவட்டத்தில் எந்த விவாதமும் கொஞ்ச நேரத்தில் ஆழ்துளைக் கிணற்றுக்கு வந்துவிடும். எண்ணெயும் வந்தது. இந்தப் பேச்சை மட்டும் நான் வரிக்கு வரி எழுதி வைத்திருக்கிறேன்.

"நம்ம தோப்புல நைனா போட்ட போர்ல இப்போ தண்ணி இருக்குதா?" என்று தம்பி ஆரம்பித்தான்.

"அது எப்பவோ வத்திப்போச்சு. பக்கத்துலயே ஆழமா ஒண்ணு போட்டேன், வந்துச்சு. அதுவும் வத்துச்சு. இன்னும் ஆழமா போட்டேன். வந்துச்சா இல்லியா? எண்ணெயும் அப்படித்தான்டா. தோண்டத் தோண்ட வந்துகினே இருக்கும்."

"வரும். அந்தத் தண்ணிய வெச்சி நெல்லு போட்டியா நீ?"

"நெல்லுக்கு எங்க பத்தும்? மோட்டாரு செலவுக்கே சரியாப் போவுது."

"அதத்தான் சொல்றேன். தண்ணி தீரல, இழுக்கற செலவு கட்டுப்படியாவல. எண்ணெயும் தீராதுண்ணா. கீழயே கெடக்கும். இழுக்கறவன் வேணாம்னு வுட்டுட்டுப் போயிடுவான்."

அண்ணன் எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார். பிறகு, "நெல்லு போடல. மரத்துக்கு வுட்டேன். மரம் பொழைச்சுதா இல்லியா?" என்றார். "வெல ஏறினா ஏறட்டும். வேணும்ன்றவன் வாங்கித்தான் ஆவணும்."

இருவர் சொன்னதும் சரியாகவே எனக்குப் பட்டது. நூலகத்தில் இதைப் பற்றி இருந்த இரண்டு புத்தகங்களை எடுத்துவந்து படித்தேன். ஒன்று தம்பி சொன்னதைச் சொன்னது. இன்னொன்று அண்ணன் சொன்னதைச் சொன்னது. குறித்த தேதிக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

என் மனைவி ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. இந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பெரும்பாலும் விடைத்தாள் திருத்திக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ இருப்பாள். ஆழ்துளைக் கிணற்று விவாதம் முடிந்த அன்று தலையைத் தூக்கி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சரி. தீந்துபோச்சுன்னே வெச்சுக்குவோம். அப்பால அந்த எடத்துல திரும்ப மரம் வெச்சா வருமா?"

"இன்னாத்துக்கு வராம? வரும்" என்றார் அண்ணன்.

"எங்க வரும்? கீழ டாங்கு, மேல சிமெண்ட்டு. டீசல் ஊறின மண்ணுல புல்லுகூட மொளைக்காது" என்றான் தம்பி.

"அப்போ நான் யோசிக்கணும்" என்றாள்.

"டீச்சரம்மா யோசிக்கட்டும். பசங்களுக்குத்தான் டைம் குடுக்க மாட்ட, உனக்காவது குடுத்துக்க" என்று அண்ணன் சிரித்தார். ஆனால் போகும்போது செருப்பை மாட்டியபடி என்னிடம் மெதுவாக, கடைசித் தேதி நெருங்கிவிட்டது என்றார்.

அவள் யோசித்தாள் என்பது எனக்குத் தெரியும். அவள் பெயரில் இருப்பது அந்தத் தோப்பில் ஒரு பங்கு மட்டும்தான். வெட்டிய பிறகு திரும்ப வைத்து, காய்த்துப் பார்க்கிற வயது தனக்கு இல்லை என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். இன்னொரு நாள், அண்ணன் டிராக்டருக்கு அடியில் படுத்திருந்ததைப் போய்ப் பார்த்திருக்கக் கூடாது என்று சொன்னாள். பார்த்ததிலிருந்து மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லையாம். இந்த இரண்டுக்கும் நடுவில் உலகத்தின் எண்ணெய் அவளுக்கு ஒரு வசதியாக இருந்தது. தீர்ந்துவிடும் என்று உறுதியாகத் தெரிந்தால் மறுத்துவிடலாம். தீராது என்று தெரிந்தால் கையெழுத்துப் போட்டுவிடலாம். தம்பியும் அண்ணனும் பேசி அவளுக்காக அதைக் கண்டுபிடித்துக் கொடுப்பார்கள் என்று காத்திருந்தாள் போலும்.

அண்ணனும் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் காலையிலிருந்து பொழுது சாயும்வரை தோப்பின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சாலையில் போன வண்டிகளை எண்ணினார். லாரி தனி, பஸ் தனி, கார் தனி, இருசக்கர வண்டி தனி. சாப்பாட்டைக்கூட அங்கேயே கொண்டுவரச் சொன்னாராம். எண்ணியதை என்னிடம் கொடுத்து, "நீங்களே பாருங்க மாப்ள. இதுல பத்துக்கு ஒரு வண்டி நின்னாக்கூட நமக்குப் போதும்" என்றார். நான் கூட்டிப் பார்த்தேன். கூட்டல் சரியாக இருந்தது.

விண்ணப்பிக்கும் கடைசித் தேதிக்கு முந்தைய ஞாயிறு, எல்லோரும் இடத்தை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வது என்று ஆயிற்று. அண்ணன் தன் பழைய டீசல் காரில் திருப்பதிக்கு வந்து எங்களை ஏற்றிக்கொண்டார். புத்தூரில் தம்பி ஏறிக்கொண்டான். அவன் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்துவதற்குள் விவாதம் தொடங்கிவிட்டது. இந்த முறை வளைகுடா நாடுகள். எண்ணெய் விற்கிறவர்களே வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள், அவர்களுக்கே நம்பிக்கை இல்லை என்றான் தம்பி. மாங்காய் விற்கிறவன் வீட்டில் பலாப்பழம் தின்னக் கூடாதா என்றார் அண்ணன்.

முன் இருக்கையில் நான் இருந்தேன். டீசல் முள்ளுக்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. புத்தூரை விட்டு வெளியே வரும்போது இடப்பக்கம் ஒரு பங்க் தெரிந்தது. விளக்கு எரிகிறது என்றேன்.

"அது ரேணிகுண்டாவுல இருந்தே எரிஞ்சிகினுதான் வருது. அந்தாண்ட போயி போட்டுக்கலாம்" என்றார் அண்ணன்.

அந்தாண்ட என்றால் நகரிக்கு அப்பால், தமிழ்நாட்டு எல்லைக்குள். அங்கே லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. எங்கள் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் போடுகிறோம். திருத்தணிக்குச் சாமி கும்பிடப் போனாலும், சென்னைக்குக் கல்யாணத்துக்குப் போனாலும், திரும்பும்போது எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கடைசி பங்க்கில் நிறைத்துக்கொண்டு வருவது வழக்கம். போவதற்குக் காரணம் இல்லாதபோது டீசல்தான் காரணம். அதை வேறு மாநிலத்துக்குப் போவதாக யாரும் நினைப்பதில்லை. அண்ணன் பெண் எடுத்தது அந்தப் பக்கம். எங்கள் பல் மருத்துவர் அந்தப் பக்கம். எல்லை என்பது சாலையோரத்தில் நிற்கிற ஒரு பலகை; அது வந்தால் ஜன்னலைத் திறந்து வாங்குகிற கொய்யாப்பழம் நினைவுக்கு வரும், அவ்வளவுதான்.

ஆகவே நானும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நகரிச் சாலையில் இன்னொரு பங்க்கையும் கடந்தோம். அங்கே வண்டி எதுவும் இல்லை. ஒரு பம்ப்பின் நிழலில் நாய் படுத்திருந்தது. ஊழியர் ஒருவர் நாற்காலியைச் சாய்த்து உட்கார்ந்து கைபேசி பார்த்துக்கொண்டிருந்தார். இது கண்டது.

அண்ணன், உலகத்தில் கடைசிச் சொட்டு எண்ணெயும் இந்தியாவுக்குத்தான் வரும், நம்மிடம்தான் லாரி அதிகம் என்று சொல்லிக்கொண்டிருக்கையில் கார் இரண்டு முறை இழுத்து விட்டு நின்றது. சாவியைத் திருப்பினார். இஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை.

"தீந்துடுச்சு" என்றான் தம்பி பின்னாலிருந்து.

"வாய மூட்றா" என்றார் அண்ணன்.

தோப்பு கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. நானும் தம்பியும் பின்னாலிருந்து தள்ளினோம். அண்ணன் கதவைத் திறந்து வைத்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தோளால் தள்ளினார். மனைவி பையை மாட்டிக்கொண்டு சாலையோரமாக நடந்து வந்தாள். அறுவடை முடிந்திருந்ததால் மரங்களில் அங்கங்கே தப்பிய காய்கள் மட்டும் இருந்தன. தோப்பு முகப்பில் அண்ணன் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தார். பங்க்குக்குள் வண்டி நுழைகிற வழி அது. காரைச் சரியாக அந்தக் கோட்டில்தான் கொண்டுவந்து நிறுத்தினோம். தம்பி மூச்சு வாங்கியபடி, "மொத கிராக்கி வந்துட்டான். ஊத்துண்ணா" என்றான். அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வழியாக அவருக்குத் தெரிந்த பால்காரர் ஒருவர் இருசக்கர வண்டியில் வந்தார். அண்ணன் காரின் பின்பக்கத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் கேனை எடுத்து, டீசல் வாங்கி வரும்படி கொடுத்தார்.

"எங்க புடிக்கறதுண்ணா? இங்கியே பின்னால ஒரு பங்க் இருக்குதே" என்றார் பால்காரர்.

"அங்க இன்னாத்துக்கு? நகரி தாண்டினா அந்தாண்ட. வண்டியில போற உனக்கு எவ்ளோ நேரம்? இந்தாண்ட எவன் போடுவான்?"

பால்காரர் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினார். அண்ணன் சுண்ணாம்புக் கோட்டின் மேல் நின்றுகொண்டு, அவர் போன திசையில் கையை நீட்டி ஏதோ சொல்லத் தொடங்கினார். அநேகமாக ஆபீஸ் ரூம் எங்கே வரும் என்பதாக இருக்கலாம். கை நீட்டியபடியே நின்றது.

மனைவி ஒரு மரத்தடியில் நின்றிருந்தாள். "அண்ணா" என்றாள்.

"இன்னாம்மா?"

"இப்போ இன்னா சொன்ன நீ?"

"இன்னா சொன்னேன்?"

"இந்தாண்ட எவன் போடுவான்னு சொன்ன."

சாலையில் ஒரு லாரி போனது. அதன் பின்னால் இரண்டு கார்கள். மூவரும் அவற்றைப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். சென்னையிலிருந்து வந்தவை. நிறைத்துக்கொண்டு வந்திருக்கும். எதிர்த் திசையில் போகிறவை இன்னும் கொஞ்ச தூரம் பொறுத்துக்கொள்ளும், எங்களைப் போல.

"அரசாங்கம் ரேட்ட கொறைக்கும்மா. எப்பவும் இப்படியே வெச்சிருக்க மாட்டாங்க" என்றார் அண்ணன். அவர் குரல் தாழ்ந்திருந்தது.

தம்பிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நான்தான் மொதல்லயிருந்தே சொல்லிகினு வர்றேனே, உலகத்துல எண்ணெய்—"

"நீ சும்மா இருடா" என்றாள் மனைவி. "உலகத்துல தீருதோ தீரலியோ, நம்ம பங்க்ல தீராது. ஊத்தின எண்ணெய் ஊத்தினபடியே இருக்கும்."

அண்ணன்தான் முதலில் சிரித்தார். பிறகு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ஒருநாள் முழுக்க எண்ணினேனே, ஒவ்வொரு வண்டியாக எண்ணினேனே என்று இரண்டு முறை சொன்னார். மனைவி பையிலிருந்து தண்ணீரை எடுத்துக் கொடுத்தாள்.

பால்காரர் கேனோடு திரும்பி வந்தார். தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி, அதையே புனலாக வைத்து ஊற்றினோம். டீசல் வண்டி வறண்டுபோனால் குழாயில் காற்று புகுந்துவிடும். ஊற்றினால் மட்டும் போதாது. அண்ணன் பானட்டைத் திறந்து, கைப்பம்பை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றினார். வெகுநேரம் ஆயிற்று. யாரும் எண்ணெயைப் பற்றிப் பேசவில்லை. இஞ்சின் பிடித்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு தங்கையிடம் வந்தார்.

"அப்போ கையெழுத்து?"

"ரெண்டாண்டயும் ரேட்டு ஒண்ணாவட்டும்ண்ணா. அன்னிக்கு நீ கேக்கவே வேணாம், நானே வந்து போடறேன்."

அவர் தலையாட்டினார். கோபம் தெரியவில்லை. என்னைப் பார்த்து, "டீச்சரம்மா பரீட்சை வெச்சுட்டா மாப்ள" என்றார்.

கேனில் வந்த டீசல் கொஞ்சம்தான். திருப்பதிக்குத் திரும்ப வேண்டுமானால் நிறைத்தாக வேண்டும். காரை நகரிப் பக்கம் திருப்பி, பலகையைத் தாண்டி, வழக்கமான பங்க்குக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமையாதலால் வரிசை சாலைவரை நீண்டிருந்தது. அண்ணன் தம்பியை ஓட்டச் சொல்லிவிட்டு இறங்கினார். வரிசையின் கடைசியிலிருந்து முன்வரை, ஒவ்வொரு வண்டியின் எண் பலகையையும் பார்த்துக்கொண்டே நடந்தார். முன்னால் போய், டீசல் ஊற்றிக்கொண்டிருந்த பெண்ணிடம் ஏதோ கேட்டார். திரும்பி வந்தபோது தம்பி, என்ன கேட்டாய் என்றான்.

"இதுல ஆந்திரா வண்டி எவ்ளோ வரும்னு கேட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

"நாங்க பங்க் வெச்சிருக்கறதே உங்களுக்காகத்தான் சார்ன்றா."

அவர் விண்ணப்பிக்கவில்லை. தோப்பு அப்படியே இருக்கிறது. ஆலை வாசலின் பிரச்சினையும் அப்படியே இருக்கிறது. அதற்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை. அண்ணனும் தம்பியும் ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் உலகத்து எண்ணெயைப் பற்றி விவாதிக்கிறார்கள். அதை நம்பி எதுவும் இல்லாததால் இப்போது இருவரும் அடுத்தவர் சொல்வதைச் சற்று அதிக நேரம் கேட்கிறார்கள்.

விலை மாறுகிற நாட்களில் அண்ணன் தங்கைக்குத் தொலைபேசி செய்கிறார். இரண்டு மாநில விலையையும் சொல்வார். நேற்றும் செய்தார். வித்தியாசம் குறையவில்லை. இருவரும் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. தோப்பு இந்த வருடம் நேரத்தோடு பூத்துவிட்டது என்றார். பனி அதிகமாக இருப்பதால் பூ கருகாமல் இருக்க வேண்டும் என்றார். மருந்து அடித்தாயா என்று மனைவி கேட்டாள். அடிக்க வேண்டும், மருந்தடிக்கும் இஞ்சினுக்கு டீசல் வாங்கத்தான் அந்தாண்ட போய்க்கொண்டிருக்கிறேன் என்று அவர் சொன்னதாக, போனை வைத்த பிறகு என்னிடம் சொன்னாள்.